பில்லை எடைக்குப் போடுகிறேன்

போன சனிக்கிழமை காலை ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட் வாசலில் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் பில்லை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பால் கேலன் வியர்த்ததில் பில்லின் ஒரு மூலை நனைந்து சுருண்டிருந்தது. தடவித் தடவி நேராக்க வேண்டியிருந்தது. நீளமான பில் என்பதால் ஒரே படத்தில் அடங்கவில்லை. மேலே கடைப் பெயரும் தேதியும் தெரிய வேண்டும், கீழே மொத்தத் தொகை தெரிய வேண்டும், நடுவில் ஒரு வரியும் விடுபடக் கூடாது. மூன்று துண்டாக எடுத்தேன்.

பின் சீட்டில் அம்மா. மன்னார்குடியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வாங்கினப்புறம் எதுக்குடா பில்ல போட்டோ புடிக்கிற? கணக்கு தப்பா போட்டுட்டானா?"

"இல்லம்மா. இதுக்குக் காசு தருவாங்க."

"பில்லுக்கா?"

"பில்லுக்குத்தான்."

"ஓ. பழைய பேப்பர எடைக்குப் போடுற மாதிரி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பெயர் அதுதான். "பில்ல எடைக்குப் போட்டாச்சா?" என்று என் மனைவியும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நியூஜெர்சியின் எடிசன் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்கிறார்கள், மளிகைச் செலவைக் குறைக்கப் பேப்பரில் வரும் தள்ளுபடிக் கூப்பனை வெட்டலாமா, பில்லைக் காட்டினால் கொஞ்சம் காசு திருப்பித் தரும் கேஷ்பேக் ஆப் போடலாமா என்று. அங்கே நீளமாக எழுதினால் அட்மின் முறைப்பார். அதனால் இங்கே எழுதுகிறேன். கூப்பனை விடுங்கள், ஆப்பைப் போடுங்கள். ஆனால் எடைக்குப் போட்டால் காசு வரும் என்பதற்காக யாரும் தினசரிக்குச் சந்தா கட்டுவதில்லை அல்லவா? ஆப்பில் நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம்.

முதலில் கூப்பன் கதை. 2009-இல் நான் இங்கே வந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு இருந்த மரியாதையே வேறு. பேப்பரை யார் படித்தார்கள்? உள்ளே வரும் கூப்பன் கத்தைக்குத்தான் அடிதடி. அறை நண்பர் ஒருவர் விசிறி மாதிரி விரியும் ஒரு ஃபைல் வைத்திருந்தார். சோப்புக்கு ஒரு அறை, சீரியலுக்கு ஒரு அறை, தேதி வாரியாக வேறு அடுக்கி வைத்திருப்பார். அதற்கு ஒன்றிரண்டு வருடத்தில் டிவியிலும் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஷெட் நிறைய கடுகுச் சாஸ் பாட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஆட்களைக் காட்டுவார்கள். நானும் கத்தரிக்கோல் எடுத்தேன். ஒரு மாதம் வெட்டினேன். வீட்டில் சேர்ந்தது என்ன தெரியுமா? யாரும் சாப்பிடாத நான்கு டப்பா சீரியலும், எனக்கு அலர்ஜி வந்த ஒரு ஷேவிங் க்ரீமும்.

கூப்பனைக் கையில் எடுத்துப் பொடி எழுத்தைப் படித்திருக்கிறீர்களா? பலவற்றில் 'ரொக்க மதிப்பு 1/100 சென்ட்' என்று இருக்கும். நூறு கூப்பன் சேர்த்துக் கொடுத்தால் ஒரு சென்ட்! இது கேலி இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள கடைகள் ட்ரேடிங் ஸ்டாம்ப் என்று ஒட்டுவில்லைகள் கொடுத்து, சேர்த்துக் கொண்டுவந்தால் சாமான் தந்தன. வில்லைக்கு ரொக்க மதிப்பு ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தன. அந்தச் சட்டத்துக்காகப் போட்ட அற்ப மதிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: கடைக்காரருக்கு முகமதிப்போடு 8 சென்ட் கையாளும் செலவும் சேர்த்துத் தரப்படும், இந்த முகவரிக்கு அனுப்பவும் என்று. முகவரி பெரும்பாலும் டெக்ஸஸின் டெல் ரியோ அல்லது எல் பாசோ. நியூஜெர்சி கல்லாவில் நாம் கொடுத்த துண்டுக் காகிதம் மெக்சிகோ எல்லை வரை போய், எண்ணப்பட்டு, கம்பெனிக்குக் கணக்கு எழுதப்பட்டு, அதன் பிறகுதான் கடைக்குப் பணம் வரும். நமக்கு 50 சென்ட் குறைக்க இத்தனை கை மாற வேண்டியிருந்தது. பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் இவ்வளவும் மிச்சம். அதனால்தான் கம்பெனிகள் ஆப் பக்கம் சாய்ந்தன. நம் மேல் வந்த பாசம் ஒன்றும் இல்லை.

நான் ஆப் பக்கம் போனது 2022-இல். அந்த ஒரு வருடத்தில் வீட்டுச் சமையல் சாமான் விலை அமெரிக்கா முழுக்கச் சராசரியாக 11.4 சதவீதம் ஏறியது. அப்புறம் முட்டைக் கூத்து தனி. 2025 மார்ச்சில் ஒரு டஜனின் தேசியச் சராசரி விலை 6.23 டாலர். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து அம்மா முட்டைப் பொரியலையே நிறுத்தச் சொல்லிவிட்டாள், போனிலேயே.

என்னிடம் இருப்பது இரண்டு ஆப். ஒன்று ஐபோட்டா. டென்வர் கம்பெனி, 2024 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. இதில் கடைக்குப் போவதற்கு முன்பே எந்தெந்தச் சலுகை வேண்டும் என்று தொட்டு வைத்துக்கொள்ள வேண்டும், வாங்கிய பிறகு பில்லைப் போட வேண்டும். பணம் டாலராகவே சேரும். இன்னொன்று ஃபெட்ச், விஸ்கான்சினின் மேடிசனில் ஒரு கல்லூரி மாணவர் தொடங்கியது. எந்தக் கடை பில்லைப் போட்டாலும் ஏதோ கொஞ்சம் பாயின்ட் தரும். 1,000 பாயின்ட் சேர்ந்தால் ஒரு டாலர். 25 பாயின்ட் வந்தது என்று துள்ளிக் குதிக்கும் நண்பர்களே, அது இரண்டரை சென்ட்.

பணம் எங்கிருந்து வருகிறது? கடை தருவதில்லை, ஆப் தன் கையிலிருந்து போடுவதும் இல்லை. தயிர், சோப்பு, சீரியல் செய்யும் பெரிய கம்பெனிகள் தருகின்றன. அதனால் கம்பெனி பெயர் இல்லாத எதற்கும் அங்கே பெரிய மதிப்பு கிடையாது. நம் வீட்டுச் சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். துவரம்பருப்பு, உளுந்து, சோனா மசூரி, புளி, நல்லெண்ணெய், முருங்கைக்காய், கறிவேப்பிலை. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் 140 டாலருக்கு வாங்கின பில்லை அனுப்பினால் ஃபெட்ச் சில்லறை பாயின்ட் போடும், ஐபோட்டா திரும்பியும் பார்க்காது. இரண்டு வருடமாக ஒரு ஆப் எனக்கு விடாமல் காட்டும் சலுகை உறைந்த பீட்சா. எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று இத்தனை பில் படித்த பிறகும் அதற்குப் புரியவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் மளிகையில் பாதி இந்த ஆட்டத்துக்கே வெளியே இருக்கிறது. அந்தப் பாதியில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பழைய வழிதான்: 20 பவுண்ட் மூட்டையாக வாங்குவது, நாலு கடை விலை பார்ப்பது. ஆப்புக்கு வேலை மீதிப் பாதியில். பால், தயிர், முட்டை, பாத்திர சோப், துணி சோப், டயப்பர், டூத்பேஸ்ட்.

அங்கேயும் ஏமாறலாம். நான் ஏமாந்த கணக்கு இதோ. 32 அவுன்ஸ் தயிர் டப்பா. கடையின் சொந்தப் பெயரில் இருப்பது 2.79. கம்பெனித் தயிர் 5.49, அதற்கு ஆப்பில் 1.50 கேஷ்பேக். டிங் என்று சத்தம் வந்து திரையில் காகிதப் பூ கொட்டியது. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து உறை ஊற்றும்போதுதான் உறைத்தது: 5.49-இல் 1.50 போனால் 3.99. அதாவது 1.20 கூடுதலாகக் கொடுத்து, 1.50 சம்பாதித்ததாகக் கொண்டாடியிருக்கிறேன். தயிரும் புளிக்கவில்லை, அது வேறு கதை.

துணி சோப்பில் நேர் மாறு. கடையில் சேல் போட்டு 11.99-லிருந்து 7.99 ஆக்கியிருந்தார்கள், ஆப்பில் 3 டாலர். நாங்கள் எப்படியும் வாங்குகிற அதே சோப்பு. 4.99-க்கு வந்தது, இரண்டு எடுத்தேன். இதைக் கூப்பனில் செய்திருக்க முடியாதா என்றால், முடியும். அந்தக் கூப்பன் அந்த வாரம் கையில் இருந்திருக்க வேண்டும், வீட்டு மேஜையில் மறக்காமல் எடுத்து வந்திருக்க வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடும்போது கல்லாவில் நின்று தேட வேண்டும். ஆப்பில் இந்த வெட்கக்கேடு இல்லை. சரி, சலுகையைத் தொட மறந்தாலும் போனது ஒன்றும் இல்லை, வாங்க வேண்டியதைத்தானே வாங்கினோம்.

என் முறை இவ்வளவுதான். சாமான் பட்டியலை முதலில் எழுதி முடிப்பேன், ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய தாளில், கையால். அப்புறம்தான் ஆப்பைத் திறப்பேன். பட்டியலில் இருப்பதற்குச் சலுகை இருந்தால் தொடுவேன், இல்லாவிட்டால் மூடுவேன். ஆப்பைப் பார்த்துப் பட்டியல் எழுதிய மாதங்களில் எல்லாம் கேஷ்பேக்கும் ஏறியது, மொத்த பில்லும் ஏறியது.

ஒருமுறை கேஷ்பேக்கே கைநழுவிப் போனது. ஆப்பின் பெயர் வேண்டாம். 20 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று விதி. 17.85 சேர்த்திருந்தேன். அந்தக் கோடையில் ஊருக்குப் போனோம், வந்ததும் வேலை மாற்றம், வீடு மாற்றம், மறந்தே போனேன். பல மாதம் கழித்துத் திறந்தால் தொகை சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருக்கிறது. கணக்கைப் பயன்படுத்தாமல் விட்டதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமாம். விதிமுறையில் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் எல்லை தொட்டதும் வங்கிக்கு மாற்றிவிடுகிறேன்.

போன வருடம் இரண்டு ஆப்பிலும் சேர்த்து 187 டாலர் வந்தது. வாரம் பத்து நிமிட வேலை. இதைவிடச் சும்மா இருந்து வந்தது கிரெடிட் கார்டில். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஒரு கார்டு சூப்பர்மார்க்கெட் செலவில் வருடத்துக்கு 6,000 டாலர் வரை 6 சதவீதம் தருகிறது. முழுசாகச் செலவழித்தால் 360, அதில் ஆண்டுக் கட்டணம் 95 போக 265 மிச்சம். ஆனால் சாம்ஸ் கிளப் மாதிரி மொத்த விற்பனைக் கடையெல்லாம் அதற்குச் சூப்பர்மார்க்கெட் கணக்கில் வராது. மாதக் கடைசியில் பாக்கியை முழுக்கக் கட்டாதவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காத மாதிரியே போய்விடுங்கள். வட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும். வரி பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: வாங்கிய பொருளுக்கு வரும் கேஷ்பேக்கை விலைக் குறைப்பாகத்தான் இங்கே பார்க்கிறார்கள், வருமானமாக இல்லை.

"நம்ம டேட்டாவ விக்கிறான் அண்ணா" என்று தம்பி ஒருவன் போன பதிவில் பொங்கியிருந்தான். தம்பி, விற்பதே நான்தான். நான் என்ன வாங்கினேன், எந்தக் கம்பெனியை விட்டு எதற்கு மாறினேன் என்பதுதான் அந்த பில்லில் இருக்கும் சரக்கு. கூப்பன் காலத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. அதைக் கூப்பனின் நல்ல குணமாக நானும் ஒப்புக்கொள்கிறேன். கடை தரும் வாடிக்கையாளர் அட்டையை, அதான் லாயல்டி கார்டைத் தேய்க்கும்போதே பாதி விவரம் போய்விட்டது, மீதிக்காவது விலை வாங்குகிறேன் என்பது என் சமாதானம். மருந்துக்கடை பில்லை மட்டும் போடுவதில்லை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பதை 25 பாயின்டுக்கு விற்க மனசு வரவில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறு இடத்தில். இப்போது பல கடைகளில் அலமாரியில் பெரிதாக ஒரு விலை போட்டிருக்கும், கீழே சின்னதாக 'டிஜிட்டல் கூப்பன் இருந்தால் மட்டும்' என்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பது தாண்டியவர், மடக்கு போன்தான் வைத்திருக்கிறார். அதில் டிஜிட்டல் கூப்பன் எடுக்க முடியாததால் அவர் அதே கோழிக்கு அதிக விலை கொடுக்கிறார். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 2025-இல், டிஜிட்டல் கூப்பன் தரும் கடை கேட்பவர்களுக்குக் காகிதத்திலும் அதே விலையைத் தர வேண்டும் என்று நகரச் சட்டமே போட்டார்கள். நியூஜெர்சிக்கும் அது வர வேண்டும். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டேன் என்பதற்காக அவர் கையிலிருந்தும் பிடுங்கலாமா?

யாரும் கமென்டில் ரெஃபரல் கோட் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

நேற்று ராத்திரி அம்மா தன் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எடுத்து நீட்டினாள். "இந்தா, எடைக்குப் போடு." பிரித்துப் பார்த்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் காபி குடித்த பில், மன்னார்குடி மெடிக்கல் பில் மூன்று, மளிகைக்கடை அண்ணாச்சி பென்சிலில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு ஒன்று. வெல்லம் 1, பச்சரிசி 2, து.பருப்பு அரை. இதெல்லாம் இங்கே எடுக்க மாட்டான் என்றேன். கையால் எழுதினதைப் படிக்கத் தெரியாதா அவனுக்கு என்று கேட்டுவிட்டு, கட்டைத் திரும்ப ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.