கடல் ஊரில் மலை எதற்கு என்று கேட்டவருக்கு

எங்கள் திருகோணமலையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கண்காட்சியில் என் சினேகிதன் ஒருவன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், செதுக்கி அச்செடுத்த மலைப் படங்கள் இருந்தன. அங்கே நடந்ததை வீடியோவில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். வாழ்த்திப் பேச வந்தவர், "பிரின்ட்தானே, எத்தனையும் அடிக்கலாம், இதுக்கு ஏன் இந்த விலை?" என்றார். சபை சிரித்தது. தம்பி சுவரோரம் தலை குனிந்து நின்றான். பேசாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

அது கொப்பி இல்லை. அவன் வீட்டில் மெஷினே கிடையாது. அச்சில் எல்லாம் புரண்டு விழும் என்பதால் மலையை இடம் வலம் மாற்றி லினோ என்கிற, உளியால் வெட்டக்கூடிய மெதுவான தகட்டில் வரைகிறான். வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், விட்ட இடம் மை பிடிக்கும். வெளிர் நிறத்தை எல்லாத் தாளிலும் எடுத்த பிறகு, அதே தகட்டை இன்னும் வெட்டி அடுத்த நிறம். ஒவ்வொரு தாளையும் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். எங்கள் ஈரக் காற்றில் எண்ணெய் மை லேசில் காயாது, மாரியில் கேட்கவே வேண்டாம். காயாத தாளில் ஒரு விரல் பட்டால் அது கழிவு. கடைசிக் கருநீலம் விழும்போது, மூடுபனிக்கு மை பிடித்த இடமெல்லாம் வெட்டுண்டு போயிருக்கும். பத்துத் தாள் எடுத்தால் பத்துத்தான். பதினோராவது யார் கேட்டாலும் கிடையாது. படத்தின் கீழே பென்சிலால் 4/10 என்று எழுதியிருந்ததற்கு அதுதான் அர்த்தம். எத்தனையும் அடிக்கலாமாம்!

அதைவிட எனக்குக் குத்தியது அடுத்த வசனம். "கடல் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு ஏன் மலை மலையாகச் செதுக்குகிறீர்?"

ஏன் கூடாது? உலகமெல்லாம் கொண்டாடும் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை, 1831 அளவில் வந்த மர அச்சுப் படம். அந்த அலைக்குக் கீழே தூரத்தில் சின்னதாக நிற்பது ஃபூஜி மலை. அந்த வரிசை முழுவதும் ஃபூஜியைப் பற்றியதுதான். அதை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள், அப்படியும் அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு தாளையும் பொத்திப் பாதுகாக்கின்றன, கொப்பி என்று எறியவில்லை. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், சம்பந்தர் பாடியதும் கடல் முழங்கும் எங்கள் ஊர்க் கோணமாமலையைத்தானே?

என் அம்மாயி மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வந்தவர். கன்னியாப் பக்கம் போனால் அங்குள்ள குன்றுகளைக் காட்டி "இதெல்லாம் மலையா?" என்பார். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று பார்த்த சிவனொளிபாத மலையின் கூர் உச்சியை விரலால் காற்றில் கீறிக் காட்டுவார். அதே உச்சி தம்பியின் படத்தில் இருக்கிறது. அவனுடைய ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். உனக்கு மலை எதற்கு என்று அவனிடம் கேட்டது, நீ எந்த ஊர்க்காரன் என்று கேட்டதாகத்தான் என் காதில் விழுந்தது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தக் கேள்வி?

"பகிடிக்குச் சொன்னதைப் பெரிதாக்காதே" என்று இன்பொக்ஸில் வருகிறார்கள். பகிடி என்றால் அவனும் சிரித்திருக்க வேண்டும். "வயதில் பெரியவர்" என்கிறார்கள். பெரியவர்தான், அதனால்தான் பேரைப் போடவில்லை. "விலை கூடத்தானே?" கூடத்தான். எங்கள் ஊரில் பலருக்குக் கட்டாது, ஒத்துக்கொள்கிறேன். வாங்க முடியாவிட்டால் பார்த்துவிட்டுப் போகலாம், யார் மறித்தது? மேடையில் ஏறி இளக்காரம் செய்யத் தேவையில்லை. கலியாண வீட்டு வீடியோவுக்குக் கொடுக்கும் காசை இப்படி ஒருநாளாவது சபையில் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா?

"நீ அவனுடைய சினேகிதன், அதுதான் கொதிக்கிறாய்." ஆம், சினேகிதன்தான். அவன் இரவிரவாகக் குனிந்திருந்து வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். நான் கதைக்காமல் வேறு யார் கதைப்பது?

அன்றிலிருந்து அவன் உளியைத் தொடவில்லை. விழா எடுத்தவர்களில் ஒருவர்கூட அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கதைக்கவில்லை, இதை எழுதும்வரை.