ப்ளே பட்டனை அமுக்கினா ப்ளே ஆகணும்யா!

நாள் முழுக்க உழைச்சுட்டு, ராத்திரி கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேரம் கேம் விளையாடலாம்னு உட்கார்ந்தா, கேம் வாங்கி ஓட்டுற ஸ்டீம் ஆப்ல பச்சையா இருக்க வேண்டிய ப்ளே பட்டன் நீலமா மாறி 'அப்டேட்'னு நிக்குது. எவ்வளவு? 40 ஜி.பி. கணக்குப் போடுங்க. நொடிக்கு 50 மெகாபிட் நெட் லைன்னா, எட்டு பிட் ஒரு பைட்ங்கிறதால எட்டால வகுத்து, நொடிக்கு 6.25 மெகாபைட். 40 ஜி.பி. இறங்க 1 மணி 47 நிமிஷம். விளையாட ஒதுக்கின நேரமே அதுக்குப் பத்தாது.

சின்ன அப்டேட்டாச்சும் சட்டுனு முடியுதா? அங்கதான் கூத்தே. படம், ஒலி, மேப்னு எல்லாத்தையும் சில ராட்சச பேக் ஃபைலா மூட்டை கட்டி வெச்சிருப்பாங்க. ஸ்டீம் அந்த ஃபைலை சுமார் 1 மெகாபைட் துண்டுகளா பிரிச்சுப் பார்த்து, மாறின துண்டை மட்டும் அனுப்பும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கேம் செஞ்சவங்க மூட்டையைத் திரும்பக் கட்டுறப்போ உள்ள இருக்கிற வரிசையைக் கலைச்சுட்டாலோ, மொத்த ஃபைலையும் ஒரே கட்டா சுருக்கிட்டாலோ, துப்பாக்கிச் சத்தம் ஒண்ணை மாத்தினதுக்குப் பாதி ஃபைல் 'புதுசு' ஆயிடும்.

சரி, ஒழுங்காக் கட்டி 300 மெகாபைட்தான் இறங்குதுன்னே வெச்சுக்குவோம். மாத்தம் 40 ஜி.பி. ஃபைலுக்கு நடுவுல கிடந்தா, பழைய துண்டுகளைப் படிச்சு, புதுசையும் சேர்த்து, முழு ஃபைலையும் மறுபடி எழுதணும். அதான் டவுன்லோட் ஒரு நிமிஷத்துல முடிஞ்சும் 'பேட்சிங்'னு ஹார்டு டிஸ்க் அரைச்சுக்கிட்டே இருக்கு. எழுத 40 ஜி.பி. காலி இல்லையா? 'டிஸ்க்ல இடம் போதாது.' 300 மெகாபைட்டுக்கா இடம் இல்லைன்னு மண்டையைப் பிச்சுக்க வேண்டியதுதான்.

அப்டேட்டே வேணாம்னு சொல்ல வழி இருக்கா? கேம் மேல வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அப்டேட்ஸ் போய்ப் பாருங்க. அதிகபட்சமா 'தொடங்குறப்போ மட்டும் அப்டேட் செய்'ங்கிற வரைக்கும்தான் போகலாம். 'செய்யாதே'ங்கிறது அந்தப் பட்டியல்லயே கிடையாது.

அந்தக் காலத்து நிண்டெண்டோ 64 கேம் மெஷின்ல சொருகுற கார்ட்ரிட்ஜோட உச்ச அளவே 64 மெகாபைட். அதுலயும் பிழை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா வித்த பிரதியைத் திருத்த வழியே கிடையாதுன்னு ஒரு பயம் இருந்துச்சு. இணையம் அந்தப் பயத்தைத் துடைச்சுப் போட்டுடுச்சு. இப்போ தேதிதான் முக்கியம், கேம் அப்புறம். சைபர்பங்க் 2077ங்கிற கேம் வந்தது 2020 டிசம்பர் 10. பத்து நாள் கூட ஆகல, பிழை மலிஞ்சு கிடந்ததால பிளேஸ்டேஷன் கடையிலேர்ந்தே சோனி தூக்கிடுச்சு. திரும்ப விற்பனைக்கு வர அடுத்த ஜூன் ஆச்சு.

இதைவிட வயித்தெரிச்சல், தனியா விளையாடுற கேமுக்கும் நெட் வழியா கம்பெனியோட சர்வர் வேணும்ங்கிறது. 2013 மார்ச்ல வந்த சிம்சிட்டியில தன் ஊரைத் தானே கட்டுறதுக்குக் கூட சர்வர் வாசல்ல வரிசையில நின்னாங்க. நெட் இல்லாம ஆஃப்லைன்ல ஓட்டவே முடியாத மாதிரிதான் கம்பெனிக்காரங்க பேசினாங்க. மறு வருஷம் அதே கேமுக்கு ஆஃப்லைன் மோட் வந்துச்சு! 2014-ல வந்த கார் ரேஸ் கேம் 'தி க்ரூ'வுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்ல. 2024 மார்ச் 31-ல சர்வரை மூடினாங்க. காசு குடுத்து வாங்கின டிஸ்க் கையில இருக்கு, தனியா ஓட்டுற ரேஸ் கூட ஓடாது. கான்கார்ட்ங்கிற ஆன்லைன் கேம் வந்த ரெண்டே வாரத்துல மூடுச்சு, ஆனா அவங்களாவது பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க.

ஸ்டீம் ஆஃப்லைன் மோட் ஓரளவு கை குடுக்கும். நெட் இருக்கிறப்போவே அப்டேட் முழுசா முடிச்சு, கேமை ஒரு தடவை திறந்து மூடிட்டு, அப்புறம் ஆஃப்லைனுக்கு மாறணும். நெட் போன பிறகு முயற்சி பண்ணினா பல நேரம் காலை வாரும். அதுவும் கேமுக்குள்ள அந்தக் கம்பெனியோட சொந்த லாஞ்சர், அதாவது கேமைத் தொடங்கி வைக்கிற ஆப் ஒண்ணு உட்கார்ந்திருந்தா தொலைஞ்சது. அது முதல்ல தன்னை அப்டேட் பண்ணிக்கும், பாஸ்வேர்டு கேக்கும், மெயிலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பும். எல்லாம் குடுத்து முடிச்சா, ஒப்பந்தம் மாறிடுச்சாம். கடைசி வரிவரைக்கும் உருட்டினாதான் 'ஏற்கிறேன்' பட்டனே உயிர் பெறும். மணி பதினொண்ணரை.