ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாதா?

“ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது, கோர்ட்டே தடை போட்டுவிட்டது” என்று மதுரையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் சொன்னது ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும். அதே ஆண்டு நவம்பரில் மத்திய கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கையும் இந்த இரண்டு வகுப்புகளைத்தான் குறிப்பிட்டது. அப்புறம் பைச் சுமையைக் குறைக்க மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. கவனியுங்கள், ஒரு நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு நாளுக்கு 2 மணி நேரம்.

செல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு. இரவு ஒன்பது மணிக்கு, கண் சொக்க, நான்கு கோடு நோட்டில் ஒரே வாக்கியத்தைப் பத்து முறை எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை அழுத்திப் பிடித்ததில் விரல் நுனி சிவந்திருந்தது. அந்த வயதுக்கு அந்தக் கொள்கை சொல்வதே வேறு: மாலையில் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேச வைக்க வேண்டுமாம்.

சரி, நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வந்தால்? தடையைக் காட்டிச் சண்டை போட வழியில்லை. ஒரு வாரம் டைரியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.