‘ஸ்மால்’ என்றால் எத்தனை கிராம் ஐயா?

பாம்புக்கு எலி விற்கிற புண்ணியவான்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பொட்டலத்தின் மேல் ‘ஸ்மால்’, ‘மீடியம்’, ‘வீனர்’ (பால்குடி மறந்த குட்டி) என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, பக்கத்திலேயே கிராம் என்று ஓர் எண்ணையும் போட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே ஒரு ரொட்டிப் பொட்டலத்தில்கூட உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் வளர்க்கிற பாம்புக்கு உறைந்த எலி வாங்கினால் மட்டும் ஒரு கடையின் ‘ஸ்மால்’ 60 கிராம் இருக்கிறது, அடுத்த கடையின் ‘ஸ்மால்’ 100 கிராமைத் தாண்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை, ஒரே பொட்டலத்தில் இருக்கிற எலிகளைத் தராசில் வைத்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 30 கிராம் வித்தியாசம் வருகிறது.

முப்பது கிராம்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். நம்மில் பலர் வளர்ப்பது ராயல் பைத்தான், கானா, டோகோ, பெனின் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போன சாதுவான மலைப்பாம்பு. அதில் 600 கிராம் எடையுள்ள இளசுக்கு 30 கிராம் என்பது உடல் எடையில் 5 சதவீதம். அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் மூன்று கிலோ. இலையில் மூன்று கிலோவைக் கூடவோ குறையவோ வைத்துவிட்டு ‘அதெல்லாம் அது பார்த்துக்கும்’ என்பீர்களா?

இதைக் கடையில் கேட்டால் வருகிற பதில் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். “உடம்பில் எந்த இடம் ரொம்பப் பருமனோ, அந்த அளவு எலி கொடுங்க, வாரா வாரம் கொடுங்க, போதும்.” எல்லா வயதுக்கும், எல்லா இனத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் இந்த ஒரே மந்திரம். முட்டையிலிருந்து வந்து சில மாதமே ஆன குட்டிக்கு இது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏழெட்டுக் கிராம் இருக்கிற கார்ன் ஸ்நேக் என்கிற அமெரிக்கப் பாம்பின் குட்டிக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஒரு பிங்கி, அதாவது மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வளர்ந்த பாம்புக்கும் இதே கணக்கா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாம்பு கொழுக்கிறது, அதனால் இடுப்பு பருக்கிறது, அப்போது உங்கள் மந்திரப்படி இன்னும் பெரிய எலி, அதைத் தின்று இன்னும் பருக்கிறது, அப்புறம் இன்னும் பெரிய எலி. இது எங்கே போய் முடியும்? அகலத்தைப் பார்ப்பது எலி தொண்டையில் இறங்குமா என்பதற்கு மட்டும்தான். உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எடை சொல்லும். குட்டியாக இருக்கும்போது அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரத்துக்கு ஒருமுறை. வளர வளர சதவீதமும் குறைய வேண்டும், இடைவெளியும் நீள வேண்டும். ஒன்றரைக் கிலோ ராயல் பைத்தானுக்கு 75 கிராம் எலி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆமாம், மாதத்துக்கு ஒன்று. பட்டினி போடுகிறாயே, பாவம் இல்லையா என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு இன்னொரு தரம் படிக்கவும்.

பாம்பு நாய் இல்லை, காலையும் மாலையும் தட்டு வைக்க. அதன் உடம்பே இரைக்கும் இரைக்கும் நடுவில் கடையைப் பாதி மூடி வைத்துக்கொள்கிற உடம்பு. ஸ்டீபன் சீகர், ஜாரெட் டயமண்ட் என்ற உடலியல் ஆய்வாளர்கள் 1990களில் பர்மிய மலைப்பாம்பை வைத்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்: இரையை விழுங்கிய ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை இரண்டு மடங்காகிறது, செரித்து முடிந்ததும் பழையபடி சுருங்கிவிடுகிறது. ராயல் பைத்தானும் பதுங்கியிருந்து எப்போதாவது பிடித்துத் தின்கிற ரகம்தான். அதற்குப் போய் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரியாணி போடுகிறோம். தென்கிழக்கு நைஜீரியாவில் காட்டு ராயல் பைத்தான்களின் இரையைப் பார்த்து 1998இல் ஓர் ஆய்வு வந்தது. 70 சென்டிமீட்டருக்குக் குறைவானவை பெரும்பாலும் சின்னப் பறவைகளைத்தான் தின்றிருந்தன, பெரிதானவைதான் எலி மாதிரியான பாலூட்டிகளுக்கு மாறியிருந்தன. பண்ணையில் கொழுகொழு என்று வளர்த்த வெள்ளை எலி அங்கே ஏது?

பக்கத்து ஊரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஒன்று இருக்கிறது, பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். சுருண்டு படுத்தால் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் தோல் தெரிகிறது. வால் பக்கம், மலவாய்க்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் கொழுப்பு பிதுங்கி நிற்கிறது. வளைகிற இடத்தில் மடிப்பு விழுகிறது. நல்ல உடம்புள்ள பாம்பை மேலே தடவினால் முதுகெலும்பு லேசாகக் கைக்குத் தட்டுப்படும், பக்கவாட்டில் சரிந்து கூரை மாதிரி இறங்கும். இது உருட்டின கட்டை. அவருக்கோ பெருமை பிடிபடவில்லை. “பாருங்க, எப்படி வளர்ந்திருக்கு, கொடுத்தா வேண்டாம்னே சொல்லாது!” சொல்லாதுதான். அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத காட்டில் உருவான பிராணி, கண் முன்னால் சூடாக ஆடுவதை ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? ஈரல் முழுக்கக் கொழுப்பு படிந்த பிறகு மருத்துவர் சொல்வார்.

இதில் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்கள் சிலரின் கூத்து தனி. பெண் பாம்பு 1,500 கிராமைத் தொட்டால்தான் முட்டைக்கு விடலாம் என்று ஒரு கணக்கு. அது நியாயமான கணக்குதான், ஆனால் மூன்று வருடத்தில் தானாக வர வேண்டிய எடையை ஒன்றரை வருடத்தில் வரவழைக்க நாலு நாளைக்கு ஓர் எலியைத் திணித்தால் வருவது கொழுப்பு, வளர்ச்சி இல்லை. அவர்கள் போடுகிற அட்டவணையைத்தான் புதிதாக வாங்குகிற பிள்ளைகள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த கோஷ்டி, தின்னவில்லை என்று அலறுகிற கோஷ்டி. குளிர்காலம் வந்தால் ராயல் பைத்தான், அதுவும் வளர்ந்த ஆண், மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. சட்டை உரிக்கப் போகிறது என்றாலும் தின்னாது. எடை இறங்காமல் இருக்கிறதா, சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 வாக்கில் இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. எடையில் பத்து சதவீதம் கரைந்துவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள், அதுவரை கம்மென்று இருங்கள். இவர்கள் இருப்பார்களா? மூன்றாம் நாளே உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். பசி இல்லாத பாம்பு சும்மா கிடக்கும், எலி சும்மா இருக்காது. விடிந்து பார்த்தால் பாம்பின் முதுகு கடித்துக் குதறிக் கிடக்கிறது.

என் சித்தி தென்காசியிலிருந்து ஃபோன் செய்து “பால் ஊத்தினா குடிக்குமாடா?” என்று கேட்கிறார். சித்தி, எந்தப் பாம்பும் பாலுக்கு ஏங்கிக் கிடக்கவில்லை, புற்றுக்கு ஊற்றுவது நம் திருப்திக்கு. ஆனால் சித்தி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பாம்பை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

கோபம் யார் மேல் என்றால், பெரிய எலியைக் கொடுத்து, மறுநாளே கையில் எடுத்துக் கொஞ்சி, அது கக்கிவிட்டது என்றதும் ‘ஐயோ, வயிறு காலியாயிடுச்சே’ என்று அன்றைக்கே இன்னோர் எலியை நீட்டுகிறவர்கள் மேல். கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் வந்து உணவுக்குழாயைப் பொசுக்கிவிட்டுப் போயிருக்கும். பத்து, பதினைந்து நாள் தண்ணீரைத் தவிர எதுவும் காட்டக் கூடாது. அப்புறம் வழக்கத்தில் பாதி அளவில் ஒன்று. விழுங்கிய பிறகு குறைந்தது இரண்டு நாள் தொடவே கூடாது என்பது எத்தனை பேர் காதில் ஏறுகிறது?

எங்கள் ஊர் பாம்பு வளர்ப்போர் குழுவில் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் “எடை என்ன?” என்றுதான் கேட்பேன். பதிலுக்கு ஒரு ஃபோட்டோ வரும். இன்னொரு கோணத்தில் இன்னொரு ஃபோட்டோ வரும். எடை வராது. நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் நானூறு பவுண்டு கொடுத்துப் பாம்பு வாங்கினவரிடம் பத்து பவுண்டுக்குக் கிடைக்கிற சமையலறைத் தராசு இல்லை. நான் இனி தராசு வாங்கி, நிறுத்து, எண்ணைச் சொல்கிறவர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்வதாக இருக்கிறேன். திமிர் பிடித்தவன் என்று சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.