‘தி குரூட்ஸ்’ கதை 2016-லேயே முடிந்துவிடவில்லை

குகையில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய அனிமேஷன் படமான ‘தி குரூட்ஸ்’-க்கு அடுத்த கதையைக் கற்பனை செய்யும்போது, “இரண்டாம் பாகத்தை 2016-ல் கைவிட்டுவிட்டார்கள், அதனால் அடுத்த கதை முதல் படம் முடிந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 2016 நவம்பரில் கைவிட்டது உண்மை. ஆனால் 2017-லேயே வேலையை மறுபடி தொடங்கி, 2020 நவம்பரில் ‘எ நியூ ஏஜ்’ என்ற பெயரில் படத்தை வெளியிட்டும் விட்டார்கள். இயக்கியவர் ஜோயல் க்ராஃபோர்ட்.

அதைப் பார்க்காமல் மூன்றாம் பாகத்தைக் கற்பனை செய்தால் நல்ல விஷயங்கள் எல்லாம் விட்டுப்போகும். மதில் கட்டி, தோட்டம் போட்டு, ஆளுக்கொரு அறையோடு வாழும் பெட்டர்மேன் குடும்பம் அதில்தான் வருகிறது. எல்லோரும் ஒன்றாக ஒட்டிப் படுத்துத் தூங்கியே பழகிய அப்பா க்ரக், அந்தத் தனி அறைகளைப் பார்த்துத் தவித்துப்போவார். கடைசியில் அவருடைய மகள் ஈப்பும் அவளுடைய காதலன் ‘கை’யும் (Guy) தங்களுக்கென்று ஓர் அறைக்குப் போகிறார்கள்.

என்னைக் கேட்டால் அடுத்த கதை அங்கிருந்துதான் வளர வேண்டும். ஈப்புக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும். மகளைக் குகைக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்த க்ரக், பேத்தியிடம் எப்படி இருப்பார் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.