மார்ஃபின் தீர்ந்துபோன இரண்டு இரவுகள்

பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோயாளிகளின் கடைசி நாட்களுக்கு வீடே நல்ல இடம் என்கிறது நான் படித்த உங்கள் கட்டுரை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் மருந்து இருக்க வேண்டுமே!

2020 மே மாத ஊரடங்கில், புற்றுநோயாளியான அப்பாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டிய மார்ஃபின் என்ற வலிநிவாரணி மாத்திரை தீர்ந்துபோனது. எங்கள் ஊர் மருந்துக்கடை எதிலும் அது கிடையாது. சிகிச்சை பெற்ற மருத்துவமனை அடுத்த மாவட்டத்தில். மாவட்டம் தாண்டிப் போக அனுமதிக்கும் இ-பாஸ் கேட்டு விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் நிராகரித்தார்கள். இரண்டு இரவுகள் அப்பா தலையணைத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார், வேறென்ன செய்ய முடியும்? மூன்றாம் நாள் பால் வண்டி ஓட்டுநர் ஒருவர்தான் மருந்துச்சீட்டைக் கொண்டுபோய் வாங்கி வந்தார். அவர் கையைப் பிடித்து அழுதேன்.

போதைப்பொருள் என்பதால் மார்ஃபினுக்கு இருந்த உரிமக் கெடுபிடியைக் குறைக்கப் போதைப்பொருள் சட்டத்தை 2014-இலேயே திருத்திவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையும் உண்டு. செவிலியர் வீட்டுக்கே வருவது பெரிய ஆறுதல்தான். அவரிடம் மார்ஃபினும், அதனால் வரும் மலச்சிக்கலுக்குக் கூடவே தர வேண்டிய மலமிளக்கியும் கிடைக்கின்றனவா என்று கட்டுரையாளர் கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுத வேண்டுகிறேன்.