கோயங்காஜி கதைய சொல்லி நோயாளிங்க மனச நோகடிக்காதீங்க

நம்ம யாங்கோன் தமிழ் ஆளுங்க மத்தியில யாருக்காவது பெரிய சீக்குன்னு தெரிஞ்சா போதும், பாக்க வர்றவங்கள்ல ஒருத்தராவது விபாசனா தியானத்த உலகம் முழுக்க சொல்லிக் குடுத்த எஸ்.என். கோயங்கா, அதான் கோயங்காஜி, அவரு கதைய ஆரம்பிச்சிடுறாங்க. மண்டலேல பொறந்த மனுசன், தீராத தலைவலி, எத்தனையோ நாட்டு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க, கடைசில நம்ம ஊர்லயே பத்து நாள் தியானத்துல உக்காந்தாரு, தலைவலி ஓடிப்போச்சு, நீயும் போ எல்லாம் சரியாயிடும். நல்ல மனசோடதான் சொல்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எங்க தெருவுல ஒரு அக்கா, கிட்னி போயி டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு இருந்தவங்க, இந்த கதைய கேட்டு கேட்டு ஒருநாள் என்கிட்ட "எனக்குத்தான் நம்பிக்கை பத்தலியா தம்பி, அதனாலதான் கொறைய மாட்டேங்குதா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல. சீக்கையும் அவங்களே சுமக்கணும், சீக்கு போகலன்னா அந்த பழியையும் அவங்களே சுமக்கணுமா? என்ன நியாயம் இது?

அந்த கதைய முழுசா தெரிஞ்சவங்க இப்படி சொல்லவே மாட்டாங்க. அதனாலதான் எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

கோயங்காஜி 1924-ல மண்டலேல ஒரு மார்வாடி வியாபாரக் குடும்பத்துல பொறந்தவரு. 1942-ல ஜப்பான்காரன் உள்ள வந்தப்ப நம்ம தாத்தா பாட்டிங்க காட்டுலயும் மலையிலயும் நடந்தே இந்தியாவுக்கு போனாங்கல்ல, அவரு குடும்பமும் அதே மாதிரி போய் யுத்தம் முடிஞ்சப்பறம் திரும்பி வந்ததுதான். வந்து தொழில்ல ரொம்ப சின்ன வயசுலயே பெரிய ஆளாயிட்டாரு, மில்லு, ஏற்றுமதி, சங்கத்துல பதவின்னு. கூடவே மைக்ரேன். சாதாரண தலைவலி இல்ல அது, வந்துட்டா மார்ஃபின் ஊசி போட்டாத்தான் அடங்கும், கடைசில டாக்டருங்களே பயந்துட்டாங்க, இப்படியே போனா நோய் ஒரு பக்கம் மார்ஃபின் பழக்கம் ஒரு பக்கம்னு ஆயிடும்னு. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான்னு போய் பாத்துட்டு வந்தாரு. ஒண்ணும் ஆகல.

அப்பறந்தான் ஒரு பர்மிய நண்பர் சொல்லி, தியானம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்த ஊ பா கின்ன பாக்கப் போறாரு. ஊ பா கின் துறவி கெடையாது, பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்த அரசாங்க ஆபீசர். 1948-ல பர்மா சுதந்திரம் வாங்குனப்ப அக்கவுண்டன்ட் ஜெனரலா ஆனவரு, 1952-ல இங்க இன்யா ஏரிப் பக்கம் தியான நிலையம் ஆரம்பிச்சாரு, இன்னிக்கும் இருக்கு. இப்ப வர்ற எடத்த நல்லா கவனிங்க. தலைவலி போறதுக்காக வந்திருக்கேன்னு கோயங்காஜி சொன்னதும் ஊ பா கின் சேத்துக்க மாட்டேன்னுட்டாரு. இந்த வழி மனச சுத்தம் பண்றதுக்கு உள்ளது, உடம்பு நோய தீக்குறதுக்குன்னு வந்தா இத கீழ எறக்குன மாதிரி ஆயிடும், மனச சரி பண்ண வர்றதா இருந்தா வாங்க, வழியில தலைவலி போனா போகட்டும், அது உங்க நோக்கமா இருக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஊர்ல பெரிய பணக்காரரு, கையில பையோட வாசல்ல நிக்குறாரு, அவருகிட்ட போய் இப்படி சொல்றதுக்கு எவ்வளவு நேர்மை வேணும். என்னப் பொறுத்தவரைக்கும் மொத்தக் கதையிலயும் இதுதான் உயிரான எடம், இதத்தான் நம்மாளுங்க விட்டுட்டு மிச்சத்த சொல்றாங்க.

கோயங்காஜிக்கு இன்னொரு பயமும் இருந்துச்சு, நமக்கெல்லாம் உள்ள அதே பயம். நாம இந்து, கீதை படிக்கிற குடும்பம், அங்க போனா பௌத்தத்துக்கு மாத்திடுவாங்களோன்னு. ஊ பா கின் கேட்டாரு, ஒழுக்கமா இருக்குறது, மனச அடக்குறது, உள்ளத தெளிவா பாக்குறது, இந்த மூணுக்கும் உங்க மதம் தடை சொல்லுமான்னு. அதுக்கு அவரால பதில் சொல்ல முடியல. அப்பறந்தான் 1955-ல போய் உக்காந்தாரு, ரெண்டாவது நாளே மூட்டைய கட்டிட்டு ஓடிடலாம்னு பாத்திருக்காரு. நானும் அந்தத் தியானத்துல உக்காந்தவன்தான், அந்த ரெண்டாவது நாள் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். கால் மரத்துப் போகும், முதுகு உடையும், மனசு கடைத்தெரு வரைக்கும் போய் சுத்திட்டு வரும்.

தலைவலி போச்சுதான், அத நான் இல்லங்கல. ஆனா அதோட கதை முடிஞ்சிருந்தா அவரு திரும்ப வியாபாரத்துக்கு போயிருப்பாரு, ஊருக்கும் தெரிஞ்சிருக்காது. 14 வருசம் குரு கிட்டயே படிச்சாரு. நடுவுல 1960-கள்ல அரசாங்கம் தொழில எல்லாம் எடுத்துக்கிச்சு, நம்ம சனங்க எத்தனை பேரு கடைய இழந்து கட்டுன துணியோட கப்பல் ஏறுனாங்க, அந்தக் கதை இல்லாத தமிழ் வீடே இங்க கெடையாது. அவருக்கும் எல்லாமே போச்சு. அத அவரு இடிஞ்சு போய் உக்காந்து சொல்லல, குரு பக்கத்துல இருக்க நேரம் கெடச்சதுன்னு சொன்னாரு. மாத்திரைக்கு அடங்காத தலைவலி போனத விட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

இன்னொன்னு பாருங்க, அவரு இந்தியாவுக்கு போனதுக்கும் காரணம் ஒரு நோய்தான். அவரு அம்மா பம்பாயில ஒடம்பு சரியில்லாம இருந்தாங்க, அதச் சொல்லித்தான் அந்தக் காலத்துல கெடைக்கவே கெடைக்காத பாஸ்போர்ட்டு 1969-ல கெடச்சது. அந்த வருசம் ஜூலைல பம்பாயில மொத வகுப்பு, 14 பேரு, அதுல அவரு அம்மா அப்பாவும் இருந்தாங்க. அதுல ஆரம்பிச்சது மகாராஷ்டிரால இகத்புரி தியான நிலையம், 1994-ல திகார் ஜெயில்ல ஆயிரத்துக்கும் மேல கைதிங்க ஒண்ணா உக்காந்தது, சென்னை திருமுடிவாக்கம் வரைக்கும் வந்துடுச்சு. எங்கயும் காசு கேக்குறதில்ல, முடிச்சவங்க மனசு வந்து குடுக்குறதுதான். மும்பை கோராயில 2009-ல தெறந்த பகோடாவ பாத்தீங்கன்னா நம்ம யாங்கோன் ஷ்வேடகோன் பகோடா மாதிரியே இருக்கும், உள்ள தூணே இல்லாம 8,000 பேரு உக்காரலாம். பர்மாவுக்கு நன்றி சொல்றதுக்குன்னே அத கட்டுனாங்க. அத நெனச்சா எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகும், நம்ம மண்ணுக்கு ஒரு வியாபாரி குடும்பத்துப் புள்ள செஞ்ச மரியாதை.

இந்தக் குரு பரம்பரையிலயே நோய் புதுசு இல்ல. ஊ பா கின்னோட குரு சயா தெட்ஜி, ஆத்துக்கு அந்தப் பக்கம் டல்லாவுக்கு தெக்க பியாப்வேஜி கிராமத்து விவசாயி. 1903-ல ஊர்ல காலரா வந்து பெத்த புள்ளைங்கள பறிகொடுத்தாரு, அந்த வேதனையிலதான் வழி தேடி வீட்ட விட்டுக் கெளம்புனாரு. அவருக்கும் குரு லெடி சயாடோங்கிற பௌத்த துறவி, 73 வயசுல கண் பார்வை போச்சு, அதுக்கப்பறம் 1923-ல சாகுற வரைக்கும் தியானத்துலயும் சொல்லிக் குடுக்குறதுலயுமே இருந்தாரு. அவருக்கு நம்பிக்கை பத்தலன்னு யாராச்சும் சொல்லுவீங்களா? போன கண்ணு திரும்பி வரல, ஆனா அவரு சொல்லிக் குடுத்தது இன்னிக்கு உலகம் முழுக்க போயிருக்கு.

கோயங்காஜியும் கடைசி வருசங்கள்ல சக்கர நாற்காலியிலதான் வந்து உக்காந்து பேசுனாரு. 2013 செப்டம்பர்ல 89 வயசுல போனாரு. ஒடம்பு எல்லாருக்கும் தளரும், அவருக்கும் தளந்துச்சு, அத ஒளிச்சு வைக்கல.

நேர்த்திக்கடன தப்பு சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. எங்க வீட்லயும் முருகனுக்கு காவடி எடுத்திருக்கோம், காளியம்மன் கோயிலுக்கு நானும் போறவன்தான், ஒடம்புக்கு முடியலன்னா சாமிகிட்ட அழுவுறது நம்ம ரத்தத்துல ஊறினது, அந்த அழுகையில ஒரு ஆறுதல் இருக்கு. நான் சொல்றது என்னன்னா படுக்கையில கெடக்குறவங்க கிட்ட போய் உன் நம்பிக்கைய சோதிக்கிற மாதிரி பேசாதீங்க. கஞ்சி கொண்டு போங்க, டயாலிசிஸ்க்கு கூட போய் உக்காருங்க, டாக்சி காசு குடுங்க. மருந்த நிறுத்திட்டு தியானத்துக்கு போன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அந்த நிலையங்களே அப்படி சொல்றதில்ல.

போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, இங்க யாங்கோன் பஹான்ல தம்ம ஜோதின்னு கோயங்காஜி வழி தியான நிலையம் இருக்கு. விண்ணப்பத்துல ஒடம்பு சீக்கு, மனசு சீக்கு, சாப்பிடுற மருந்து எல்லாம் கேப்பாங்க, ஒண்ணு விடாம எழுதுங்க. பத்து நாளும் பேசாம இருக்கணும், கடுமையான மனநோய் உள்ளவங்களுக்கு இது ஒத்து வராதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, மாத்திரை டப்பாவையும் மறக்காம எடுத்துட்டு போங்க.